நெடுந்தூரம் ஓடிய பைக்கை எப்படிப் பார்த்து வாங்குவது?

"எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குதுங்க?" பழைய பைக் பார்க்கப் போகிறவர் கோவை வட்டாரத்தில் முதலில் கேட்பது இதைத்தான். விற்கிறவரும் இந்தக் கேள்விக்குத் தயாராகவே இருப்பார். பதினைந்தாயிரத்துக்குள் இருந்தால் விலையைக் கூட்டிச் சொல்வார். நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தால் வந்தவர் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிடுவார். தினமும் மில்லுக்கும் ஆபீசுக்கும் போய்வந்த நூறு சிசி வண்டிக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், பஜாஜ் டோமினார் 400, கேடிஎம் 390 அட்வென்ச்சர், இன்டர்செப்டர் 650 என்று நெடும்பயணத்துக்காகவே வாங்கப்படும் டூரிங் பைக்குகளில் இந்த ஒரு எண்ணை நம்பிப் பணம் கொடுப்பது ஆபத்து.

காரணம் எளிது. இன்ஜின் அதிகம் தேய்வது குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும் நேரத்திலும், சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் ஓட்டத்திலும்தான். நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில், ஆயில் நன்றாகச் சூடேறி ஓடிய முப்பதாயிரம் கிலோமீட்டர், அவினாசி சாலை நெரிசலில் ஓடிய பத்தாயிரத்தைவிட இன்ஜினுக்கு நல்லது. ஷெட்டில் இரண்டு வருடம் நின்ற வண்டியோ, மீட்டரில் ஆறாயிரம் மட்டுமே காட்டினாலும், உள்ளே கெட்டுப்போயிருக்கும்: டேங்க்கில் துரு, இன்ஜெக்டரில் பிசினான பழைய பெட்ரோல், காய்ந்துபோன ஆயில் சீல், கல்லாக இறுகிய டயர். டூரிங் பைக்கைத் தின்பது தூரமல்ல. பின்னால் கட்டிய பாரம், ஏறி இறங்கிய மலை, இறங்கிக் கடந்த தண்ணீர், குண்டும் குழியுமான பாதை ஆகியவைதான் அதைத் தின்கின்றன. பார்க்கவேண்டியவை அவை விட்டுப்போன தடயங்களே.

கோவையை அடுத்த சூலூர் வட்டாரத்தில் இப்படி நெடுந்தூரம் ஓடிய வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. திருச்சி சாலையும் அவினாசி சாலையும் இருபக்கம். அரை நாள் ஓட்டத்தில் 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட வால்பாறைப் பாதை. வடக்கே 27 வளைவுகளோடு திம்பம், கிழக்கே 70 வளைவுகளோடு கொல்லிமலை. சனிக்கிழமை விடிவதற்குள் கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும் வழக்கம் இங்கே ஒரு தலைமுறைக்கே பழகிவிட்டது. சூலூர் விமானப்படைத் தளம் இருப்பதால், பணி மாறுதலில் வந்து போகிறவர்களின் வெளிமாநில எண் வண்டிகளும் விற்பனைக்கு வரும்.

கோவையில் பழைய இருசக்கர வாகன வியாபாரமும் பட்டறை வாசலைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் இங்கே தொடங்கிய டிரைவ்எக்ஸ் நிறுவனம் பழைய பைக்குகளை வாங்கிச் செப்பனிட்டு விற்கிறது. அதில் 48.27 சதவீதப் பங்கை டிவிஎஸ் மோட்டார் 2022இல் சுமார் 85 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ராயல் என்ஃபீல்டும் 2023 டிசம்பரில் 'ரீஒன்' என்ற பெயரில் தன் பழைய வண்டிகளை வாங்கி விற்கும் பிரிவைத் தொடங்கியது. கம்பெனி கடைகளில் விலை சற்றுக் கூடும், ஆனால் பேப்பர் தலைவலி குறையும். இருந்தாலும் இந்தப் பக்கத்தில் கைமாறும் டூரிங் பைக்குகளில் பெரும்பகுதி நேரடியாக ஓட்டியவரிடமிருந்து வாங்குபவருக்கே போகிறது. அங்கே வாங்குபவருக்கு அவர் கண்ணும் காதும்தான் காவல்.

முதல் சோதனை வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே, போனிலேயே தொடங்குகிறது. "நாங்க வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணா" என்று சொல்லிவிட வேண்டும். போனதும் இன்ஜின் ஹெட் பக்கமும் சைலன்சர் வளைவுப் பக்கமும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். சூடு தெரிந்தால், சொல்லியும் கேட்கவில்லை என்று அர்த்தம். காலையில் குளிர்ந்த இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது என்பதை அவர் மறைக்க நினைத்திருக்கலாம். அப்படியானால் இன்னொரு நாள் விடியலில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவதே நல்லது.

குளிர்ந்த இன்ஜினைச் செல்ஃப் போட்டவுடன் என்ன நடக்கிறது என்று கவனித்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். முதல் சில விநாடி நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் வேலை இருக்கிறது. முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும் தேய்ந்திருக்கின்றன. டோமினார், கேடிஎம் போன்ற கூலன்ட் வண்டிகளில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். குளிர்ந்த இன்ஜினில் டேப்பட் சத்தம் கொஞ்சம் வருவது இயல்பு. சூடான பிறகும் அடங்காமல், ஆக்சிலரேட்டர் விடும்போது இரும்பு உரசுகிற மாதிரி கேட்டால், டைமிங் செயினையும் டென்ஷனரையும் திறந்து பார்க்கவேண்டி வரும். ஆயில் கண்ணாடியில் கருப்பு நிறம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது.

சாவியைப் போட்டதும் மீட்டரில் எரியும் எச்சரிக்கை விளக்குகளில் இரண்டு முக்கியம். இன்ஜின் விளக்கு சாவி போட்டதும் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஏபிஎஸ் விளக்கு சாவி போட்டதும் எரிந்து, வண்டி சில மீட்டர் உருண்ட பிறகே அணையும். எரியவே எரியாத விளக்கைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். கோளாறைக் காட்டிக்கொண்டே இருந்ததால் யாராவது அதன் வாயை அடைத்திருக்கலாம்.

இன்ஜின் பிரித்த வண்டி என்றாலே ஒதுக்குகிறவர்கள் உண்டு. கோவையில் இந்தப் பயம் அவ்வளவு நியாயமில்லை. பம்ப் செட்டும் டெக்ஸ்டைல் மெஷினும் வார்த்துக் கடைந்து வளர்ந்த ஊர் இது. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்து லேத் பட்டறைகளில் அளவு பிசகாமல் கடைந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். என்ன வேலை பார்த்தது, எப்போது, எந்தப் பாகம் மாற்றினார்கள் என்று பில்லோடு காட்டினால், பிரித்துச் சரிசெய்த இன்ஜின் பிரிக்காத இன்ஜினைவிட நம்பகமானதாகக்கூட இருக்கலாம். பில்லும் இல்லாமல், பழைய பாகமும் காட்டாமல், "ஃபுல் இன்ஜின் வேலை பார்த்தாச்சுங்க" என்று மட்டும் சொன்னால் அதை விலையில் சேர்க்கக் கூடாது.

டூரிங் பைக்கின் உண்மையான சரித்திரம் இன்ஜினைவிட அதன் எலும்புக்கூட்டில்தான் எழுதியிருக்கிறது. சீட்டைக் கழற்றச் சொல்லி, பின்பக்க சப்ஃபிரேமைப் பார்ப்பது பலர் செய்யாத வேலை. இரண்டு பக்கமும் பெட்டி, நடுவில் டாப் பாக்ஸ், பின்னால் ஆள் என்று வருடக்கணக்கில் சுமந்த வண்டியில் கேரியர் போல்ட் போட்ட இடங்களிலும் பற்றவைப்பு ஓரங்களிலும் மயிரிழை விரிசல் தொடங்கும். பெயிண்ட் ஓரம் துருக்கோடாக வெடித்திருந்தால், கைபேசி விளக்கைச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். புதிதாக வெல்டிங் வைத்து அதன்மேல் கருப்பு ஸ்பிரே அடித்திருந்தால், மற்ற பகுதியின் பளபளப்பிலிருந்து அது தனியாகத் தெரியும்.

முன்பக்கம் வந்தால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் தலைக்குழாயின் பேரிங். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஒரு விரலால் ஹேண்டிலை மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். நேர் நிலைக்கு வரும்போது ஒரு பள்ளத்தில் உட்காருகிற மாதிரி தடுமாறினால் கோன்செட் போய்விட்டது. இது பெரிய செலவல்ல, ஆனால் அந்த வண்டி எத்தனை குழியில் விழுந்து எழுந்தது என்பதற்குச் சாட்சி. ஹேண்டில் முழுதாகத் திரும்பும்போது முட்டி நிற்கும் சிறிய இரும்பு நாக்கையும் இரண்டு பக்கமும் ஒப்பிட வேண்டும். லீவர், ஃபுட்ரெஸ்ட், கண்ணாடி, கிராஷ் கார்டு எல்லாவற்றையும் மாற்றி விபத்தை மறைத்துவிடலாம். அந்த நாக்கு நசுங்கியோ வளைந்தோ இருந்தால் வண்டி முன்பக்கமாக மோதி விழுந்திருக்கிறது. சந்தேகம் தீரவில்லை என்றால் ஈரமான தரையில் நேராக ஓட்டிப் பார்க்கலாம். முன் டயரும் பின் டயரும் விடும் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும்.

ஃபோர்க் குழாயில் சிறு புள்ளிகளாகத் துரு பிடித்திருந்தால், ஆயில் சீலை எத்தனை முறை மாற்றினாலும் கசிவு நிற்காது. அலாய் ரிம்மில் ஓரம் நசுங்கியிருக்கிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஸ்போக் சக்கரமானால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டினால் போதும். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும்.

மலைப்பாதைக்கு வாங்குகிறவர் பிரேக்கில் கூடுதலாக நேரம் செலவிட வேண்டும். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும்போது பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால், பிரேக் ஆயில் கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரியாகக் குறைந்துவிடலாம். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். டப்பாவில் அது தேன் நிறம் தாண்டி டீ நிறத்துக்குப் போயிருந்தால், பழைய ஓனர் அதைத் தொட்டதே இல்லை. டிஸ்க்கின்மேல் குறைந்தபட்ச தடிமன் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். வெர்னியர் வைத்து அளந்து பார்க்கலாம். அளக்க வழியில்லையென்றால் டிஸ்க்கின் விளிம்பை விரலால் தடவினாலே மேடு தெரியும்.

டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண் வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இதே எண்தான் மீட்டரைச் சரிபார்க்கவும் உதவும். மீட்டரில் எட்டாயிரம், டயர் மட்டும் வண்டியைவிட மூன்று வருடம் இளையது, செயின் ஸ்ப்ராக்கெட்டும் புத்தம் புதிது என்றால், முதல் செட் எங்கே போனது என்று கேட்காமல் விடக் கூடாது. டிஜிட்டல் மீட்டரைத் திருத்துவது இப்போது கடினமே இல்லை. ஃபுட்ரெஸ்ட் ரப்பரையும், கியர் லீவரின் நுனியையும், சீட்டின் தையலையும் அதே மாதிரி பொய் சொல்ல வைப்பது கடினம். பின் ஸ்ப்ராக்கெட்டின் நடுப்பகுதியில் செயினைப் பின்னோக்கி இழுத்து, பல்லில் பாதிக்குமேல் வெளியே தெரிந்தால் முழு செட்டும் மாற்ற வேண்டும். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்டினால் போதும். கூடுதல் விளக்கும் சார்ஜரும் மாட்டிய வண்டியில் ரிலே இல்லாமல் நேரடியாக வெட்டி ஒட்டிய வயர்களைக் கண்டால் அதற்கும் ஒரு தொகையைக் கழித்துவிட வேண்டும்.

தனியாகச் சொல்லவேண்டிய ஒன்று வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள். 2015 டிசம்பரில் சென்னை, 2018 ஆகஸ்ட்டில் கேரளம், 2023 டிசம்பரில் மீண்டும் சென்னையும் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலியும் என்று அடுத்தடுத்து வெள்ளம் வந்தது. ஒவ்வொரு முறையும் மூழ்கிய வண்டிகள் கழுவிப் பாலிஷ் போட்டு வேறு ஊர்களுக்கு விற்பனைக்குப் போகும். பாலக்காடு எல்லை பக்கத்திலேயே இருப்பதால் கோவைக்காரர்கள் இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஹெட்லைட் கிண்ணத்துக்குள் வண்டல் கோடு, வயர் கனெக்டர்களில் பச்சைப் பூச்சு, ஏர்ஃபில்டர் பெட்டியின் அடியில் படிந்த சேறு, சீட் ஸ்பாஞ்சைப் பிழிந்தால் வரும் வாடை என்று எங்காவது ஓரிடத்தில் வெள்ளம் தன் அடையாளத்தை விட்டிருக்கும்.

மாடலுக்கு மாடல் கவனிக்கவேண்டியது மாறும். 2016இல் வந்த ஹிமாலயன் 411 இதற்கு நல்ல உதாரணம். முதல் வருட பி.எஸ்.3 (பாரத் ஸ்டேஜ் புகை விதி) வண்டிகள் கார்புரேட்டர் கொண்டவை. காலையில் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தியது பற்றியும், ஹேண்டில் தலைக்குழாய் அருகே ஃபிரேமில் விரிசல் கண்டது பற்றியும் அப்போது புகார்கள் வந்தன. 2017இல் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனோடு பி.எஸ்.4, 2018இல் ஏபிஎஸ், 2020இல் பி.எஸ்.6 என்று மாற்றி மாற்றி வந்தார்கள். 2023 நவம்பரில் 452 சிசி கூலன்ட் இன்ஜினோடு ஹிமாலயன் 450 அந்த இடத்துக்கு வந்தது. ஆகவே 'ஹிமாலயன்' என்று விளம்பரத்தில் பார்த்தால் முதலில் எந்த வருடத் தயாரிப்பு என்று கேட்க வேண்டும். 411 வாங்குவதாக இருந்தால் 2018க்குப் பிந்தியதைத் தேடுவதே நல்லது. 2017 மார்ச் கடைசியில் உச்ச நீதிமன்றம் பி.எஸ்.3 விற்பனைக்குத் தடை விதித்தபோது, இரண்டே நாளில் பெரும் தள்ளுபடியில் வண்டிகள் விற்றுத் தீர்க்கப்பட்டதும் நினைவிருக்க வேண்டும். அந்த மாதத்தில் பதிவான வண்டியானால் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய டோமினாரில் ஏபிஎஸ் இல்லாததும் உண்டு. ராயல் என்ஃபீல்டின் 500 சிசி ஒற்றை சிலிண்டர் இன்ஜின் 2020இல் நின்றுவிட்டது. தண்டர்பேர்டு 500 மேல் ஆசை இருப்பவர், பாகங்களுக்கு அலையவேண்டி வரும் என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

கம்பெனியே திரும்ப அழைத்த வண்டிகளும் உண்டு. 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை தயாரான மீட்டியோர், கிளாசிக், புல்லட் 350 வண்டிகளில் இக்னிஷன் காயில் கோளாறு என்று 2021 மே மாதத்தில் 2,36,966 வண்டிகளை ராயல் என்ஃபீல்டு திரும்ப அழைத்தது. அதே ஆண்டு டிசம்பரில், பின்னால் டிரம் பிரேக் கொண்ட 26,300 கிளாசிக் 350 வண்டிகளை ஸ்விங் ஆர்மில் உள்ள பிரேக் பிராக்கெட்டுக்காக அழைத்தார்கள். சேஸிஸ் நம்பரைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்தால், அந்த வண்டிக்கு வேலை முடிந்ததா என்று சொல்லிவிடுவார்கள். கூடவே பழைய சர்வீஸ் பதிவையும், அன்றைய கிலோமீட்டரையும் கேட்டுப் பார்த்துவிடலாம்.

ஓட்டிப் பார்ப்பதைத் தெருமுனை வரை போய்த் திரும்புவதோடு முடித்துக்கொள்ளக் கூடாது. சூலூரிலிருந்து காரணம்பேட்டை வழியாகப் பல்லடம் வரை போய்வரலாம். பின்னால் ஓர் ஆளை உட்கார வைத்தே ஓட்ட வேண்டும், ஏனென்றால் அந்த வண்டி பாரத்தோடுதான் ஓடப்போகிறது. டாப் கியரில் ஐம்பதிலிருந்து முழுதாக முறுக்கும்போது ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. எண்பதில் ஹேண்டில் நடுங்கினால் டயரோ, ரிம்மோ, கோன்செட்டோ, ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ, ஏதோ ஒன்று போயிருக்கிறது.

வண்டி பிடித்துவிட்டால் பலர் பேப்பரில் அவசரப்பட்டுவிடுகிறார்கள். பெரும் நஷ்டம் வருவது இங்கேதான். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு, கடன், காப்பீடு, புகைச் சான்று எல்லாம் தெரியும். நிலுவையிலுள்ள இ-சலானையும் பார்த்துவிட வேண்டும். கடன் அடைத்தாயிற்று என்று வாயால் சொன்னால் போதாது. பைனான்ஸ் கம்பெனி கொடுத்த படிவம் 35உம் தடையின்மைச் சான்றும் கைக்கு வர வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டியானால் அங்கிருந்து படிவம் 28இல் தடையின்மைச் சான்று, இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டின் ஆயுள் வரி. அந்த வரியைக் கணக்கில் சேர்க்காமல் "பெங்களூரில் விலை குறைவு" என்று போகிறவர்கள் திரும்பி வந்தபின் கணக்குப் பார்த்து நொந்துபோகிறார்கள். வியாபாரியிடம் வாங்கினால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதிப்படி அவருக்கு அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேட்கலாம்.

காப்பீட்டுப் பாலிசியில் ஒரு துப்பு ஒளிந்திருக்கிறது. கிளைம் வாங்காத ஒவ்வொரு வருடத்துக்கும் நோ கிளைம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஐந்து வருட வண்டியின் பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்று இருந்தால், சமீபத்தில் கிளைம் வாங்கியிருக்கிறார்கள், அல்லது பாலிசியை இடையில் விட்டிருக்கிறார்கள். எது என்று கேட்டே ஆக வேண்டும். அந்த போனஸ் ஓனருக்கு உரியது, வண்டியோடு வராது. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். "இன்சூரன்ஸ் இன்னும் ரெண்டு வருசம் இருக்குதுங்க" என்பது அதைத்தான் குறிக்கும். சொந்த வண்டியின் சேதத்துக்கான பாகம் எப்போதோ முடிந்திருக்கலாம். அந்தப் பாகம் பெயர் மாறாமல் தானாக வாங்கியவருக்கு வந்துவிடாது என்று 1996லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தோடு வண்டியைக் கொடுத்து, "எப்ப வேணாலும் மாத்திக்குங்க" என்று சொல்லும் பழக்கம் இரண்டு தரப்புக்கும் கெடுதல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவு, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் வண்டி பல கை மாறிப் போயிருந்தும், பதிவில் பெயர் இருந்த முதல் ஆள்தான் மாட்டிக்கொண்டார். நல்ல விற்பனையாளர் பெயர் மாற்றத்தில் வாங்குபவரைவிட அவசரம் காட்டுவார். அவர் தயங்கினால் ஏன் என்று விசாரிக்க வேண்டும்.

விலை பேசும்போது இன்றைய ஷோரூம் விலையை வைத்துத்தான் பேச வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு செஸ்ஸோடு சேர்த்து 31ஆக இருந்தது 40 சதவீதமானது. வரி குறைவதற்கு முன் மீட்டியோர் 350 வாங்கியவர், தான் கொடுத்த பழைய விலையிலிருந்து கழித்துச் சொல்வார். அதை ஏற்கத் தேவையில்லை. பேசி முடித்த விலைக்கு மேல், வாங்கிய வாரமே எல்லா ஆயிலும், பிரேக் திரவமும், ஏர்ஃபில்டரும், தேவையானால் டயரும் செயின் செட்டும் மாற்ற ஒரு தொகையை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு முதல் ஓட்டத்தை லடாக்குக்கோ வால்பாறைக்கோ வைத்துக்கொள்ளாமல், மெக்கானிக் கைக்கெட்டும் தூரத்தில், பொள்ளாச்சி, பல்லடம், மேட்டுப்பாளையம் என்று சுற்றி ஐநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, போல்ட்டுகளையும் செயினையும் ஆயில் அளவையும் மறுபடி பார்த்துக்கொள்வது நல்லது.